நூல் பேர்ல தூங்குறவங்க

மார்புல ஆபரேஷன் ஆகி ஒரு பக்கம் இழந்துட்ட பொண்ணுங்களுக்கு உள்ளாடை தைக்கிறதுதான் அக்காவோட வேலை. தெருவுக்கே அவங்க தையலக்கா. ஒரு தடவை போட்டுப் பாத்தீங்கன்னா, ரெண்டு தோளும் ஒரே உயரத்துக்கு வந்து நிக்கும் பாருங்க, அடடா!

வந்தவங்களைத் திரும்பத் திரும்ப அலைய விடக்கூடாதுன்னு முன்னாடி ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு படம் எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல வச்சுப்பாங்க. கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும்தான். முகம் வராது. ஆனா தழும்பு முகத்தை விட நல்லா ஆளைக் காட்டிக் கொடுத்துடுமே! அதனால பேருக்குப் பதிலா, தைச்ச நூலோட நிறத்தைப் போட்டு வைப்பாங்க. மயில்நீலம். எலுமிச்சை. மழைச்சாம்பல்.

மத்தியான வெளிச்சம் ஜன்னல் துணியில நனைஞ்சு இறங்கும். தையல் மெஷின் நின்னதும் கம்ப்யூட்டரோட மூச்சு மட்டும் கேக்கும். அதுக்குள்ள அத்தனை பேரும் ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்குற மாதிரியே அக்காவுக்குத் தோணும்.

அன்னிக்குத் துணி வாங்கிட்டு வந்தா, மேசை மேல புது கம்ப்யூட்டர். பக்கத்துல வீட்டுக்காரர், வாயெல்லாம் பல்லா.

"பழசு எங்கங்க?"

"கடையில கொடுத்து மாத்திட்டேன். ஏன் பதறுற? உன் படமெல்லாம் இதுல ஏத்தியாச்சு. பழசுல இருந்ததை அழிச்சு, அழிச்சது போய் விழுற குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். நான் என்ன அவ்ளோ மக்கா?"

அக்கா உக்காந்தாங்க. அப்புறம் மெதுவா, "உங்க தங்கச்சி கல்யாணப் படத்தைப் போன வருஷம் யாருங்க அழிச்சது?"

"அதை எதுக்கு இப்போ இழுக்குற?"

"குப்பைத்தொட்டியையும் காலி பண்ணீங்கல்ல? அப்புறமும் ஒண்ணு விடாம திருப்பி எடுத்துக் கொடுத்தது யாரு?"

"அந்தக் கடைக்காரர்…"

"இதை எந்தக் கடையில கொடுத்தீங்க?"

"அதே கடை."

அக்கா தெருவுல நடந்ததை நடைன்னு சொல்ல முடியாது. கால் தரையிலயே படல. அக்கா கண்ணுக்குள்ள, முன்னாடி மழைச்சாம்பல் போறாங்க. பின்னாடி எலுமிச்சை. யாருக்கும் மேல துணி இல்ல. மயில்நீலம் மட்டும் நின்னு திரும்பிப் பாக்குறாங்க. படம் எடுக்குறப்போ அவங்க கேட்டது இன்னும் காதுல இருக்கு: "வேற யாரும் பாக்க மாட்டாங்கல்லக்கா?" "நானே அரைக் கண்ணுலதான் பாப்பேன்மா"ன்னு இவங்கதான் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

கடையில பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சு. நல்லவேளை, இன்னும் யாரும் தொடல.

"உள்ள இருக்கிற டிஸ்க்கை மட்டும் கழட்டிக் கொடுங்க தம்பி."

"அது இல்லைன்னா இது வெறும் டப்பாக்கா. அப்படி என்ன, புதையலா?"

"ஆமா. அடுத்தவங்க புதையல்."

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாரு. ஸ்க்ரூவைக் கழட்டிக்கிட்டே சொன்னாரு: "அழிச்சா மேல இருக்கிற பேர்தான்கா போகும். வேற ஏதாவது வந்து உக்கார்ற வரைக்கும் படம் அங்கயேதான் கிடக்கும். புதுசுல மொத்த டிஸ்க்குக்கும் பூட்டு போட்டுக்கலாம். ஆனா பாஸ்வேர்டை மறந்தீங்கன்னா என்னாலயும் திறக்க முடியாது."

"அதான் வேணும்."

அப்புறம் கழட்டின டிஸ்க்கை அக்கா கையில கொடுத்துட்டு, கடைக்காரர் அவங்க வீட்டுக்கே வந்து புது கம்ப்யூட்டர்ல பூட்டு போட்டாரு. பாஸ்வேர்டு அடிக்கிற கட்டம் வந்ததும் எழுந்து வாசப்பக்கம் போயிட்டாரு. அக்கா விரலை எழுத்து மேல வச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னாரு.

"நானுமா?"

"நீங்களும்தான்."

"கட்டின புருஷன்டி நான்!"

"எனக்குத்தானே புருஷன்? அவங்களுக்கு நீங்க யாரு?"

கோவிச்சுக்குவாருன்னு அக்கா நினைச்சாங்க. அவரோ ஜன்னல் துணியை இழுத்து விட்டுட்டு, சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு, "ம், அடி"ன்னாரு.