பொட்டு வைத்த சிலிண்டர்

எனக்கு மூச்சிரைப்பு. நான் பார்த்த வேலையோ, நாகல் நகரில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் சிப்பங்களை எடை போடுவது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? 1950களில் மாதம் ஒருமுறையாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாலே, "என்ன, ஆஸ்பத்திரிக்கா?" என்று விசாரிப்பார்கள். அங்கே எனக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தவர்தான் நர்ஸ் லூர்தம்மாள்.

சேவுகம்பட்டிப் பக்கம் வெங்காயம் போடும் குடும்பத்தில் பிறந்தவர். கட்டையான உருவம், வயலின் அந்தக் கரையில் நிற்பவனைக் கூப்பிடும் குரல். மூச்சுத் திணறுகிறவனைப் படுக்க வைத்தால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். நம் ஜனங்கள் செய்வதோ அதைத்தான்: ஆளைக் கிடத்திவிட்டுச் சுற்றி நின்றுகொள்வார்கள். லூர்தம்மாள் முதலில் கூட்டத்தை விரட்டுவார். பிறகு ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் ஒரு ஸ்டூலில் தலையணைகளை அடுக்கி, கைகளை ஊன்றிச் சாயச் சொல்வார். காப்பியை ஊதி ஆற்றுகிற மாதிரி மூச்சை மெதுவாக வெளியே விடு, உள்ளே இழுக்க என்ன அவசரம் என்று அதட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் ஊதுவேன். பத்துத் தடவை ஊதியதும் உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

அவருக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டென்றால் அது ஆக்ஸிஜன் சிலிண்டர்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒன்றே ஒன்று. ஆள் உயரம், கறுப்பு உடம்பு, வெள்ளைத் தலை. தள்ளுவண்டியில் அது கடகடவென்று வார்டுக்குள் வந்தால் போதும், எமன் வந்துவிட்டான் என்று பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். நிலைமை கைமீறிய நேரத்தில் மட்டுமே அதை வைத்து வந்ததால், வைத்தவர்களில் பாதிப் பேர் பிழைக்கவில்லை. பழி சிலிண்டர் மேல் விழுந்தது. என் மனைவி பழனியம்மாளும், உயிரே போனாலும் அதை உங்கள் பக்கத்தில் விடமாட்டேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

1958 ஆடி மாதத்தில் ஓர் இளம்பெண்ணின் மூக்கிலிருந்து குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வீட்டார் அவளை மாட்டுவண்டியில் தூக்கிப் போனார்கள். ஊர் போய்ச் சேருமுன் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி மட்டும் லூர்தம்மாள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அதே வருஷம் ஆயுத பூசை வந்தது. கிட்டங்கியில் ஒரு வருஷத் தூசியை ஒரே காலையில் தட்டினோம். புகையிலைத் தூசி என் நெஞ்சை என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, அதுதான் வேடிக்கை. தராசுக்குப் பொட்டு வைக்கக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. பழனியம்மாள் என்னைக் குதிரை வண்டியில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தபோது மத்தியானம். என் நகமெல்லாம் நீலம்.

டாக்டர் வீட்டுக்கு ஆள் ஓடியது. அவர் சொல்லி வைத்திருந்தபடி லூர்தம்மாள் ஊசி போட்டார். ஸ்டூல், தலையணை, காப்பி ஊதல் எதுவும் எடுபடவில்லை. சிலிண்டரைக் கொண்டுவரச் சொன்னார். வார்டு ஆள் சடையாண்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். அன்று காலை அவன் சிலிண்டரைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை சாத்தி, சரசுவதி படத்துக்கு முன் நிறுத்தியிருந்தான். அதைத் திறக்கும் ஸ்பானரும் அவள் காலடியில். விளக்கு மட்டும் தூரத்தில் வராந்தாவில் இருக்க வேண்டும், எண்ணெய்க் கை சிலிண்டரில் படவே கூடாது, பட்டால் தீப்பிடிக்கும் என்று லூர்தம்மாள் சண்டை போட்டிருந்தார்.

"நர்சம்மா, நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும். இன்னைக்குத் தொட்டா அவருக்கே ஆகாது," என்றான் சடையாண்டி. என் நல்லதுக்குத்தான் சொன்னான், பாவி.

"நீ தொட வேணாம், நான் எடுக்குறேன். உங்க சரசுவதி கோவிச்சுக்கிட்டா மாதாகிட்டச் சொல்லிச் சமாதானம் பேசிக்கிறேன்."

உள்ளே போனவர் படத்தை ஒருமுறை கும்பிட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தார். அதைப் பார்த்ததும் சடையாண்டி தானே வண்டியைத் தள்ள ஓடிவந்தான்.

கடகட சத்தம் கேட்டது. இனி பழனியம்மாள் அலறுவாள், குழாயைப் பிடுங்குவாள், நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். பிடுங்காதே என்று சொல்ல மூச்சில்லை. அவள் எழுந்தாள். மாலையையும் குங்குமத்தையும் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைகூப்பினாள். உதிர்ந்த ஒரு செவ்வந்தி இதழை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் குழாய் என் மூக்கில் ஏறிவிட்டது. தண்ணீர்க் குப்பியில் குமிழி விட்டது. டாக்டர் வந்து நரம்பில் மருந்து ஏற்றினார். சாயங்காலம் எனக்குப் பசித்தது.

அப்போதுதான் லூர்தம்மாள் கேட்டார்: "ஏத்தா, நீ ஏன் கத்தல?"

"பூவும் பொட்டுமா வந்துச்சு. எமன் அப்படியா வருவான்?" என்றாள் பழனியம்மாள்.

நான் சிரித்தேன். லூர்தம்மாள் சிரிக்கவில்லை.

மறுநாள் பொட்டைத் துடைக்கத் துணியோடு வந்த சடையாண்டியைத் தடுத்துவிட்டார். அன்றிலிருந்து, அறுபத்தேழில் வேலையை விட்டுப் போகும்வரை, டியூட்டிக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் சிலிண்டருக்குக் குங்குமம் வைத்ததுதான். தன் நெற்றிக்கு அவர் வைத்து நான் பார்த்ததில்லை. அதன்பின் எங்கள் வார்டில் யாரும் குழாயைப் பிடுங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

அடுத்த மாதம் வழக்கம்போல் நான் அங்கே கிடந்தேன். காலையில் அவர் பொட்டு வைப்பதைப் பார்த்துக் கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அவர் சிமிழை மூடி, விரலைத் துடைத்துக்கொண்டார்.

"ஆடியிலயே வச்சிருக்கணும்," என்றார், என்னைப் பார்க்காமல்.