இங்வால்டின் விரலும் மூன்றாவது குத்தும்

வடதுருவத்தை ஒட்டிய லோஃபோட்டன் கடலுக்குக் காட் மீன் கூட்டம் வந்து சேர இன்னும் மூன்று வாரம்தான். இங்வால்டின் வலது மோதிர விரலோ உள்ளங்கையை நோக்கி மடங்கிக் கிடந்தது. அந்த விரல் கையுறைக்குள் நுழையாது. கையுறை இல்லாமல் ஜனவரிக் கடலில் தூண்டில் கயிற்றைத் தொட முடியாது.

அறுவை சிகிச்சை செய்தால் மீன்பிடிப் பருவமே போய்விடும். அதனால் உள்ளங்கைத் தோலுக்கடியில் இறுகி விரலை இழுத்துப் பிடித்திருந்த நார்த்திசுவை ஊசியால் குத்திக் குத்தி அறுக்கும் வைத்தியத்துக்குச் சம்மதித்திருந்தார்.

“தோல் மட்டும்தான் மரத்திருக்கும்” என்றாள் மரப்பு ஊசி போட்ட டாக்டர் சிக்னே. “விரல் நுனியில சுரீர்னு கரண்ட் அடிச்சா உடனே சொல்லணும். பக்கத்துல நரம்பு இருக்கு. அது அறுந்தா உணர்ச்சி போயிடும்.”

“சரி.”

நாற்பது வருடக் கடல் வாழ்க்கையில் விலா எலும்பு முறிந்த அன்றுகூட அவர் கயிற்றை இழுத்து முடித்துவிட்டுத்தான் கரைக்கு வந்தார். முனகுகிறவனை அடுத்த வருடம் யாரும் படகுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

மூன்றாவது குத்தில் சுரீரென்றது.

“எப்படி இருக்கு?”

“பரவால்ல.”

உணர்ச்சியற்ற விரலில் முள் ஏறினாலும் தெரியாது, கயிறு சுற்றினாலும் தெரியாது. சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்த குத்து இன்னும் பலமாக அடித்தது. அவருடைய கால் விறைத்தது.

“ஊசிய எடும்மா!” மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி போர்ஹில்ட் எழுந்துவிட்டாள். “விலா எலும்பு முறிஞ்சப்பவும் ‘பரவால்ல’ன்னு சொன்ன ஆளு இது!”

“சும்மா இரு, போர்ஹில்ட்.”

சிக்னே ஊசியை எடுத்துவிட்டாள். “நீங்க சொல்லலைன்னா நான் கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் குத்தணும், இங்வால்ட். இதோட நிறுத்திக்கலாமா?”

அவருக்குக் காது மடல் சிவந்தது. “அடிச்சுது. ரெண்டு தடவ.”

அவள் பஞ்சால் விரல் நுனியைத் தொட்டாள். ஒரு பக்கம் தெரிந்தது. மறுபக்கம் கம்பளிக்கு மேல் தொட்டதுபோல இருந்தது. அதையும் சொன்னார்.

“நரம்பு மிரண்டிருக்கும். பெரும்பாலும் சரியாயிடும். உறுதியா சொல்ல முடியாது.”

ஊசியை இடம் மாற்றிக் குத்தினாள். இம்முறை ஒவ்வொரு குத்துக்கும் அவர் வாய் திறந்தார்: “இல்ல... இல்ல... இப்ப லேசா.” கடைசியில் அவள் விரலைப் பிடித்து நிமிர்த்த, காய்ந்த குச்சி ஒடிவதுபோல் சத்தம் கேட்டது. நார் அறுந்து விரல் நீண்டது.

திரும்பும் கப்பலில் அவர் கட்டைவிரலால் அந்த நுனியின் மரத்த பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“தெரியுதா?” என்றாள் போர்ஹில்ட்.

“இன்னும் இல்ல” என்றார். “பயமா இருக்கு.”

அவள் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.