பார்க்காமல் துவைத்த துணி

தீர்த்தம்மாளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தது என்றால் ஊரே ஆணா பெண்ணா என்று கேட்கும். இவள் மட்டும், "வெளிய போச்சா?" என்று கேட்பாள். மிட்டாய் நீட்டிக்கொண்டு வந்தவர்கள் முகத்தைச் சுளித்தாலும் அவளுக்குக் கவலை இல்லை. பதில் வந்த பிறகுதான் மிட்டாய் வாய்க்குள் போகும்.

ஏரியூர்ப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. பிரசவ வார்டில் அவிழ்த்துப் போடுகிற குழந்தைத் துணி ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்காமல் பக்கெட்டில் முக்க மாட்டாள்.

"அதுல என்னம்மா தேடற, தங்கமா?" என்று மாமியார்க்காரிகள் கிண்டல் செய்வார்கள்.

"தங்கந்தான், போங்க" என்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு அந்தப் புதன்கிழமை காலையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் தம்பி மாதவராஜின் மனைவி காவியாவுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. அழுகை நன்றாக இருந்தது, பால் குடித்தது, மூன்று தரம் ஒன்றுக்குப் போனது. ஆனால் மணி ஒன்பது ஆகியும் முதல் மலம் மட்டும் போகவில்லை. தீர்த்தம்மாள் துணியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஈரம்தான் இருந்தது.

"எதுக்கு அண்ணி இப்படிப் பயப்படறீங்க?" என்று காவியா கேட்டாள். பயம் அவளுக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

பதில் சொன்னது நர்ஸ் லூர்துமேரி. "வயித்துக்குள்ள இருக்கும்போது கொழந்த தண்ணிக்குடத்துத் தண்ணிய முழுங்கும்மா. அதுவும் குடல்ல உதிர்றதும் சேந்து கருப்பா, தார் மாதிரி தங்கியிருக்கும். சீம்பால் குடிச்சா அதத் தள்ளிவிட்ரும். ஒரு நாளைக்குள்ள போயிரணும். போவலன்னா குடல்ல அடைப்பு இருக்கான்னு பாக்கணும். டாக்டரம்மாகிட்டப் பேசிட்டேன். பத்து மணி வரைக்கும் பாத்துட்டு தர்மபுரிக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. நூத்தியெட்டுக்கும் சொல்லியாச்சு, பென்னாகரத்துலருந்து வண்டி கெளம்பிருச்சு."

மாதவராஜ் தலையைச் சொறிந்தான். "ஏக்கா, அரை நாளு முன்னப்பின்ன ஆவாதா? இவளுக்கு நேத்துத்தான் அவ்ளோ ரத்தம் போயிருக்குது. வண்டியில குலுக்கிட்டுப் போவணுமா?"

"வாய மூடுடா!" என்று தீர்த்தம்மாள் கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அவனை ஒரு சொல் அதட்டாதவள்.

அவளுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், புருஷன் வீட்டில், ஆண் குழந்தை. இரண்டு நாளும் துணியில் ஈரம் மட்டும்தான் கண்டது. அதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் வயிறு பறை மாதிரி விறைத்தது. பச்சையாகக் கக்கியது. பென்னாகரம் பஸ்ஸில் ஏறும்போது மூச்சு இருந்தது, இறங்கும்போது இல்லை. அப்புறம் அவளுக்குத் தரிக்கவே இல்லை. அப்போது ஆறு வயசாக இருந்த தம்பியிடம், பிறக்கும்போதே போய்விட்டது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவளும் அதை மாற்றிச் சொன்னதில்லை.

ஒன்பதரை ஆயிற்று. லூர்துமேரி குழந்தையின் வயிற்றை மறுபடியும் மெல்ல அழுத்திப் பார்த்தாள். "மெத்துன்னுதான் இருக்குது, கக்கவும் இல்ல. இருந்தாலும் போய்க் காட்டிரலாம். தீர்த்தம்மாக்கா, வழிக்கு நாலு காஞ்ச துணி எடுத்து வையுங்க."

துணிகள் பின்பக்கக் கொடியில் கிடந்தன. மாதவராஜின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து அவளே கொண்டுவந்தவை. நேற்று துவைத்துக் காயப்போட்டதும் அவள்தான். ஒன்றை எடுத்து மடித்தாள், இரண்டாவதை மடித்தாள். மூன்றாவதை உதறியபோது நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை தெரிந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் துவைத்த துணியில் கறை இருந்தது என்று ஒருத்தர் சொன்னதில்லை. ரத்தக்கறையாக இருக்கும் என்று வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ரத்தம் காய்ந்தால் பழுப்பாகும். இது பச்சையும் கருப்புமாக இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசம்தான் வந்தது. விரலால் தேய்த்தாள். கறை அசையவில்லை.

நேற்று நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தொப்புள்கொடியில் துடிப்பு நின்றதும் லூர்துமேரி அதை அறுத்தாள். குழந்தையைத் துணியோடு தாயின் நெஞ்சில் போட்டாள். நஞ்சுக்கொடி முழுதாக வந்து விழுந்தது. ஆனால் கர்ப்பப்பை இறுகவில்லை, ரத்தம் மடை திறந்தது போல் கொட்டியது. ஊசி போட்டுவிட்டு லூர்துமேரி வயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டே, "அக்கா, கொழந்தயப் புடிங்க!" என்று கத்தினாள். தீர்த்தம்மாள் குழந்தையை வாங்கினாள், ஈரத்துணியை உருவிக் கீழே போட்டாள், காய்ந்த துணியில் சுற்றினாள். கண் பிள்ளையின் முகத்திலேயே இருந்தது. அவள் தம்பியின் மூக்கு அப்படியே இருந்தது. காவியாவின் கர்ப்பப்பை தேங்காய் மாதிரி இறுகி ரத்தம் நின்ற பிறகுதான் இவளுக்கு மூச்சு வந்தது.

அப்புறம் அந்தத் துணியைக் குழாயடிக்கு எடுத்துப் போனாள். பிளீச்சிங் தண்ணீர் பிஞ்சுத் தோலுக்கு ஆகாது என்று வெறும் சோப்பில் துவைத்தாள். சிரித்துக்கொண்டே, மூக்கைச் சிந்திக்கொண்டே, குழாயிடம்கூட "அத்தை ஆயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே துவைத்தாள். ஊர்ப் பிள்ளைகளின் துணியையெல்லாம் பிரித்துப் பார்த்தவள் தன் வீட்டுப் பிள்ளையின் முதல் துணியைப் பார்க்கவில்லை.

"அடிப் பாவி, குருட்டு முண்டமே!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "சிஸ்டர், இத பாருங்க! நேத்தே போயிருக்குது. நாந்தான் பாக்காம தொவச்சுட்டேன். இது அதுதான, சிஸ்டர்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, என் ஆசைக்குத்தான் அப்படித் தோணுதான்னு தெரியல."

லூர்துமேரி துணியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்தாள். "அதேதான்க்கா" என்றாள். உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். நேற்று ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில் தானும் துணியைக் கவனிக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். வயிறு மெத்தென்று இருந்து பாலும் தங்கினால் கிளம்ப வேண்டாம், மணிக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டே இருங்கள், மத்தியானத்துக்குள் மறுபடி போகாவிட்டால் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. வண்டி பாதி வழியில் திரும்பியது.

மாதவராஜ் பெருமூச்சு விட்டு டீ குடிக்கப் போனான். தீர்த்தம்மாள் நகரவில்லை. நேற்றுப் போனது போதாதென்று அவளுக்குத் தோன்றியது. கறை ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளைக்குப் போவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பால் குடித்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையும் அதன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. "போயிரு கண்ணு, அத்தைய ஏச்சுப்புடாத" என்று கெஞ்சினாள்.

பதினொன்றரைக்குப் பிள்ளை முகத்தைச் சுருக்கியது, சிவந்தது, காலை உதைத்தது. மடி சூடாயிற்று. துணியையும் தாண்டிச் சேலையில் இறங்கியது. கருகருவென்று, பிசுபிசுவென்று, லூர்துமேரி சொன்னபடி தார் மாதிரியே இருந்தது.

"ஐயோ அண்ணி, சேல போச்சே!" என்றாள் காவியா.

"போவட்டும்மா."

"குடுங்கக்கா, பக்கெட்ல போட்டர்றேன்" என்று லூர்துமேரி கை நீட்டினாள். தீர்த்தம்மாள் கொடுக்கவில்லை. துணியை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது.

டீ குடித்துவிட்டு வந்த மாதவராஜ் திகைத்து நின்றான். "என்னக்கா இது? அதான் போயிருச்சே, இன்னும் எதுக்கு அழுவற?"

"ஒனக்கு ஒரு மருமவன் இருந்தான்டா, ராஜு" என்றாள் தீர்த்தம்மாள். "மூணு நாளு இருந்தான். அவனுக்கு இது போவலடா."