டிக்கியில் பொங்கிய மாவு

போன வாரம் பாண்டிச்சேரி போனோம். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். கல்யாணமானதிலிருந்து இப்படி ரெண்டு பேராகப் போனதே இல்லை. நான் போட்டது ஒரே கண்டிஷன் – ஊர் திரும்பும்வரை கரண்டியைத் தொட மாட்டேன்.

"சரி சாந்தி... நீ தொடவே வேணாம்" என்றார்.

தங்கும் இடத்தை அவரே புக் செய்தார். அடுப்பு, பாத்திரம் எல்லாம் உள்ள வீடு. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு முன்னாடியே என் மூளை லீவில் போய்விட்டது.

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து காரில் கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. கடற்கரை, காபிக் கடை, பிரெஞ்சு பன் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். மனுஷன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்படித் தலையாட்டுகிற ஆளே இல்லையே...

பாண்டிச்சேரியில் இறங்கியதும் அந்த வீட்டு வாட்ச்மேன் காருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

"சார், டிக்கியிலேர்ந்து பெயின்ட் ஒழுவுது."

பெயின்ட் இல்லை. இட்லி மாவு.

ஆமாம். ஃப்ரிட்ஜில் இருந்த மாவை எனக்குத் தெரியாமல் தூக்குவாளியில் கழுத்துவரை ஊற்றி, மூடியை அமுக்கி, ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கூடவே இட்லிச் சட்டி, பொடி, நல்லெண்ணெய். அத்தனை வெயிலில் மாவு சும்மா இருக்குமா? மூடியைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்த அவர் பைக்குள் குடிபோய்விட்டது. புதுச் சட்டையெல்லாம் புளித்துக் கிடந்தது. என் பை பின் சீட்டில் இருந்தது. கடவுள் இருக்கிறார்.

"மாவு பொங்கும்னு தெரியாதா உங்களுக்கு?"

"நம்ம வீட்டுல ஒருநாளும் பொங்கி நான் பாத்ததில்லையே."

எப்படிப் பார்ப்பார்? பொங்குமுன் எழுந்துபோய்க் கலக்கிவிட நான் ஒருத்தி இருக்கிறேனே.

"எதுக்குங்க இதத் தூக்கிட்டு வந்தீக?"

"வெளிய தின்னா எனக்கு வயித்துக்கு ஆகாது. நீ கரண்டியெல்லாம் தொட வேணாம். சும்மா ஊத்தி மட்டும் வச்சுரு."

சும்மா ஊத்தி மட்டும். உங்கள் வீட்டிலும் இந்த 'சும்மா' உண்டா? வந்த ஆத்திரத்துக்கு வாளியைக் கடலில் எறிந்திருப்பேன். கடல் என்ன பாவம் செய்தது?

மறுநாள் காலை கடலைப் பார்த்த பால்கனியில் உட்கார்ந்தேன். காபி, இதழ் இதழாக உதிரும் பிரெஞ்சு பன். அவருக்கும் ஒன்று கொடுத்தேன். பிய்த்துப் பார்த்தார்.

"என்னது, பப்ஸா? உள்ள முட்டையக் காணோம்."

நான் காபியை உறிஞ்சினேன்.

"வாளியில பாதி மாவு நல்லாத்தேன் இருக்கு. வீணாப் போகுது."

"ஊத்துங்க."

"நானா?"

"பின்ன, வாட்ச்மேனா?"

உள்ளே போனார். மூடி விழுந்தது. தண்ணீர் கொட்டியது. என்னைக் கூப்பிட்டார். நான் கடலைப் பார்த்தேன். கடைசியில் தட்டோடு வந்தார். இட்லித் துணியை நனைக்காமல் மாவை ஊற்றியிருக்கிறார். பாதி இட்லி துணியிலேயே தங்கிவிட்டது. மீதி தட்டில்.

"என்னங்க இது, உப்புமாவா?"

"பேசாமத் தின்னு. சூடா இருக்கு."

சூடாகத்தான் இருந்தது. எண்ணெயில் குழைந்த பொடியோடு இட்லி விரலைச் சுட்டது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஆவி பறக்கிற இட்லியை உட்கார்ந்து தின்று எத்தனை வருஷம் ஆயிற்று? வீட்டில் என் பங்கு எப்போதும் கடைசி ஈடு. எல்லோருக்கும் போட்டு, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தால் அது ஆறிக் கல்லாகியிருக்கும். எனக்கு இட்லி பிடிக்காது என்றுதான் இத்தனை நாளும் நானே நினைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் 'கம்ஃபர்ட் ஃபுட்' என்று ஆளாளுக்கு உருகுகிறார்கள். உருகுகிறவர்கள் எல்லாம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள். அடுப்புக்கு முன்னால் நின்றவரைக் கேட்டுப் பாருங்கள்.

பிரெஞ்சு பன்னை ஓரமாகத் தள்ளிவைத்தேன். தட்டைச் சுத்தமாக வழித்தேன். அவர் கதவோரம் கரண்டியோடு நின்றார்.

"எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு" என்றேன். "இன்னொரு ஈடு ஊத்துங்க."