ரிவர்ஸ் அக்காவின் மூன்றாவது கியர்

எங்கள் பஸ் டிப்போவில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. லைசென்ஸ் தேர்வு நடத்த வந்த அதிகாரியை ரிவர்ஸ் அக்கா பஸ்ஸில் உட்காரவைத்து, பாலத்தில் இருந்து டிப்போ வாசல் வரை முழுக்க முழுக்கப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம். அதிகாரி கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பாஸ் போட்டுடறேன், நிறுத்தும்மா" என்று கத்தினாராம். கண்ணை மூடிக்கொண்டு போட்டதால்தான் தேர்வுத் தாளில் கையெழுத்து கோணலாக இருக்கிறதாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு என்பது மட்டும் நான் சேர்த்தது. நடந்தது வேறு. டயர் பிரிவில் இருப்பவனுக்குக் கை இரண்டும் வேலையில் இருக்கும், காது இரண்டும் சும்மா இருக்கும். அதனால் டிப்போவில் நடப்பது எதுவும் என்னைத் தாண்டிப் போகாது. உண்மையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அக்கா என்று எல்லோரும் கூப்பிட்டாலும் எனக்கு அவள் தங்கச்சி வயது. வேலை, பஸ் கழுவுவது. பதினொரு வருஷம். நீளக் கம்பு வைத்த பிரஷ், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் ஒரு துணி. பஸ்ஸைக் கழுவுகிற மேடைக்குக் கொண்டுவந்து விடவேண்டியது டிரைவரின் வேலை என்று சட்டம் சொல்லுகிறது. டூட்டி முடிந்த டிரைவருக்குச் சட்டம் எங்கே காதில் விழும்? சாவியை வாசலிலேயே நீட்டிவிட்டு ஓடிவிடுவான். கழுவுகிறவர்களே வண்டியை நகர்த்தக் கற்றுக்கொண்டார்கள். யார்டுக்குள் லைசென்ஸ் கேட்க யாரும் இல்லை.

கழுவும் மேடை இரண்டு சுவருக்கு நடுவே இருக்கிறது. பின்பக்கமாகத்தான் உள்ளே விடவேண்டும். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிஞ்சும். மற்றவர்கள் முன்னே போய், பின்னே வந்து, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி, சுவரைத் திட்டி உள்ளே விடுவார்கள். அக்கா ஒரே மூச்சில் விடுவாள். சர்வீஸ் போட்டு முடி நரைத்த டிரைவர்களே மூலையில் சிக்கிக்கொண்டால், "ரிவர்ஸ் அக்கா எங்க?" என்றுதான் தேடுவார்கள்.

அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. சாப்பிடுவது நின்றபடி. பேசுவது நடந்தபடி. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தால் கால் ஆடும். அவள் வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். என் தலை அவர் கையில் இருக்கும்போது குடும்பக் கதை எல்லாம் கொட்டிவிடுவார். "தூக்கத்துலகூட இடது கால் கிளட்ச் மிதிக்குதுங்க. மிதிபடுறது என் முழங்கால். கரண்டியக் குடுத்தா குழம்புல கியர் போடுறா."

இப்படி இருந்தவளின் தலையில் ஒரு தாள் விழுந்தது. நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பஸ் கழுவ மெஷின் வருகிறது, மூன்று மாதத்தில் கழுவும் பிரிவு மூடப்படும். அதற்குள் கனரக வாகன லைசென்ஸ் வாங்குகிறவர்களை டிரைவராக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். மாதத்துக்கு ஒரு தேர்வு, ஆக மூன்றே வாய்ப்பு. அக்கா ஈர விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள். படித்து முடித்தபோது தாளில் பாதி அழிந்திருந்தது.

பக்கத்தில் ஹாரன் நின்றுகொண்டிருந்தான். ஆளைக் கண்டாலும் ஆட்டைக் கண்டாலும் ஹாரன் அடிக்கிற டிரைவர், அதனால் அந்தப் பெயர்.

"ஏன்க்கா, பின்னாடி மட்டும் ஓட்டுறவங்களுக்குத் தனி லைசென்ஸ் தராங்களா?"

"தந்தா உனக்கு முன்னாடி மட்டும்னு எழுதித் தருவாங்க. அடுத்த தடவ மூலைல மாட்டிக்கிட்டு அக்கா நொக்கான்னு கத்தாத."

வாய்க்குக் குறைவில்லை. ரோட்டில் ஓட்டுவதில்தான் குறை இருந்தது.

முதல் தேர்வில் எட்டு போடச் சொன்னார்கள், போட்டாள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்பக்கமாக நிறுத்தச் சொன்னார்கள். அதிகாரி தாளில் குறிப்பு எழுதிவிட்டு நிமிர்வதற்குள் நிறுத்திவிட்டாள். அப்புறம் மெயின் ரோட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனாள், இரண்டாவது கியரில். பாலம் வரை இரண்டாவது கியர். திரும்பி வரும்போதும் அதே இரண்டாவது கியர். பின்னால் பதினேழு வண்டிகள் வரிசையில் நின்று அவள் பரம்பரையையே விசாரித்தன. அதிகாரி 'வேகம் போதாது' என்று எழுதினார்.

அடுத்த மாதம் அதே அதிகாரி. இந்தத் தடவை மூன்றாவது கியரைப் போட்டேவிட்டாள். போட்ட வேகத்தில் பயந்து பிரேக்கில் ஏறி நின்றாள். அதிகாரியின் மூக்குக் கண்ணாடி மூக்கை விட்டுக் கிளம்பி முன்கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது. அவர் ஒன்றும் எழுதவில்லை. எழுத, தாள் தெரியவில்லை.

அன்று மத்தியானம் டயர் பிரிவுக்கு வந்தாள். உட்காரச் சொல்லி ஒரு டயரைக் காட்டினேன். அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

"அண்ணே, ரெண்டாவது கியர்ல வண்டி கத்துது. கத்துறவரைக்கும் அது எங்க இருக்கு, என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியுது. பதினோரு வருஷமா யார்டுல அந்தச் சத்தம்தான் கேட்டிருக்கேன். மூணு போட்டா அடங்கிடுது. அடங்கினதும் வண்டி என் கைய விட்டுப் போயிட்ட மாதிரி இருக்கு."

"எங்கம்மா போகும்? நீதான உள்ள உக்காந்திருக்க?"

"அதான் பயமே."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். யார்டுக்குள் யாரும் இரண்டாவது கியரைத் தாண்டுவதில்லை. தாண்ட இடமும் இல்லை. பஸ்ஸைச் சுவர் இடுக்கில் சொருகத் தெரிந்தவளுக்கு, காலி ரோட்டில் நேராகப் போகத் தெரியவில்லை.

"பேசாம வேற வேல பாரும்மா" என்றேன். தப்புதான்.

நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். "எனக்குப் பாதி தெரியும்ணே. அதுவும் கஷ்டமான பாதி. ஹாரனுக்கு இன்னிக்கும் வராத பாதி. மிச்சம் இருக்கிறது ஈசியான பாதிதான். அதுக்கு எதுக்கு நான் வேற வேல பாக்கணும்?" சொல்லிவிட்டு மறுபடி ஒரு சுற்று நடந்தாள். "பயமாத்தான் இருக்கு. ஆனா பாதி தெரியும்."

அந்த வாரம் வேலை போகப்போகிறவர்களுக்கு என்று கம்பெனி ஒரு தன்னம்பிக்கை வகுப்பு வைத்தது. கேண்டீனில் நாற்காலி போட்டார்கள். டை கட்டிய ஒருவர் மைக்கோடு வந்து ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி கொடுத்தார். அதைப் பார்த்து 'என்னால் முடியும்' என்று இருபது தடவை சொல்லச் சொன்னார். எல்லோரும் சொன்னார்கள். அக்கா கண்ணாடியை இடது பக்கம் நீட்டினாள், வலது பக்கம் நீட்டினாள், தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"பின்னாடி என்ன வருதுன்னு பாக்குறேன் சார்."

"உங்க முகத்தப் பாருங்க. முடியும்னு சொல்லுங்க."

"முடியுமா முடியாதான்னு கண்ணாடிக்கு எப்படி சார் தெரியும்? அதுக்குத் தெரிஞ்சதத்தான் அது சொல்லும்."

கேண்டீனே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வகுப்பு முடியுமுன் எழுந்து போய்விட்டாள்.

ரிப்பேர் முடிந்த பஸ்ஸை ரோட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்த வேலை ஹாரனுடையது. மறுநாளில் இருந்து அக்கா கற்றுக்கொள்கிறவர்களுக்கான லைசென்ஸோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள், ஹாரன் பக்கத்தில். ஒருநாள் டயர் சத்தம் பார்க்க நானும் ஏறினேன். அன்று கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

இரண்டாவது கியரில் பஸ் அலறியது. கியர் மாறியது. அலறல் நின்றது. அக்காவின் வாய் திறந்தது.

"பிரேக் காலைல பாத்தேன், புடிக்குது. இடது கண்ணாடில ஒரு லாரி, தூரத்துல. முன்னாடி ரோடு காலி. கால் ஆக்சிலேட்டர்ல இருக்கு. வண்டி கத்தல. கத்தாட்டியும் இங்கதான் இருக்கு."

நல்லதாக ஒரு வார்த்தை இல்லை, பெரிதாக ஒரு வார்த்தை இல்லை. தெரிந்ததை மட்டும் வரிசையாகச் சொன்னாள்.

ஹாரன் கம்பியைப் பிடித்தபடி சொன்னான். "அக்கா, என்னையும் அதுல சேத்துக்க. ஹாரன் உயிரோட இருக்கானான்னு பாத்துச் சொல்லு."

"ஹாரன் உயிரோட இருக்கான். கண்ணத் தொறடா."

பத்து எண்ணும் வரைதான் தாங்கியது, மறுபடி இரண்டு. அடுத்த நாள் வளைவு வரை. மூன்றாவது வாரத்தில் தண்ணீர்த் தொட்டி வரை. ஆனால் வாயை மூடினால் போச்சு, கை தானாக இரண்டுக்கு வந்துவிடும். ஹாரன் முன்னால் உளறலாம். அந்த அதிகாரி முன்னால்? மூச்சு விடக்கூட அனுமதி கேட்கவேண்டிய முகம் அவருக்கு.

கடைசித் தேர்வு நாள் வந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடியில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். அனுபவஸ்தர். அக்கா வண்டியைச் சுற்றி நான்கு தடவை நடந்தாள். ஐந்தாவது தடவை தொடங்கும்போது அவர், "ஏறலாமா?" என்றார்.

பஸ் வாசலைத் தாண்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்தது. டிப்போவில் ஒருவரும் வேலை செய்யவில்லை. நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுதான். முதல் கியர். இரண்டாவது. அலறுகிறது, அலறுகிறது, இன்னும் அலறுகிறது.

"மாத்துக்கா, மாத்து" என்று ஹாரன் சுவரைப் பார்த்துக் கெஞ்சினான்.

சட்டென்று சத்தம் நின்றது.

"போச்சு, நிறுத்திட்டா."

"இல்லடா, மாத்திட்டா" என்றேன்.

"மாத்தியிருந்தா கேக்காதா?"

"மாத்தினா எப்படிடா கேக்கும்?"

சண்டை முடியவில்லை, பஸ்ஸும் வரவில்லை. இருபது நிமிஷத்தில் வரவேண்டிய வண்டி. அரை மணி ஆனது. நாற்பது நிமிஷம். ஹாரன் வாசலுக்கும் டயர் பிரிவுக்கும் நடந்து நடந்து அவனே அக்கா மாதிரி ஆகிவிட்டான். கேண்டீன் ஆட்கள் ஜன்னலில் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்றார்கள்.

அப்போதுதான் வாசலில் பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது. பின்பக்கமாகவே வந்தது, ஒரே மூச்சில் மேடைக்குள் போய் நின்றது. அதிகாரி இறங்கினார். மூக்குக் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா பூட்ஸை மாட்டிக்கொண்டு மிச்சம் இருந்த இரண்டு பஸ்ஸைக் கழுவப் போனாள். ஜன்னலில் இருந்தவர்கள் பார்த்தது அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் டிப்போவின் பேச்சில் பஸ் பாலத்தில் இருந்தே பின்னாடி வந்திருந்தது.

பத்து நாள் கழித்து டிரைவர் உடுப்பில் வந்தாள், முதல் டிரிப்புக்கு முன்னால் காற்று பார்க்க. சாவியால் டயரைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

"ஏம்மா, பாலத்துலேர்ந்து ரிவர்ஸ்லயே வந்தியாமே? எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா நீங்கதான?"

"சரி, நீயே சொல்லு."

"ஒரு அடிகூடப் பின்னாடி போகலண்ணே. நேராப் போற பஸ்ஸ எந்தக் கிறுக்காவது பாலத்துலேர்ந்து ரிவர்ஸ் எடுப்பாளா? மூணு போட்டேன். வாய் விட்டுப் பேசினேன். 'யார்கிட்டம்மா பேசுறீங்க'ன்னாரு. 'எங்கிட்டத்தான் சார்'னேன். 'கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, எனக்கும் பயமா இருக்கு'ன்னாரு. நாலு போட்டேன். இன்னும் கொஞ்ச தூரம் போகச் சொன்னாரு, போனேன், அதான் லேட்டு. பின்னாடி வந்தது வாசல்லேர்ந்து மேட வரைக்கும், அது தெனமும் வர்றதுதான். அப்புறம், கையெழுத்து கோணலானதுக்கு அவர் கண்ணு காரணம் இல்ல. தாள வச்சு எழுத மேச கேட்டாரு, நீங்கதான் டயர உருட்டிக் குடுத்தீங்க. காத்தப் புடிங்க, வண்டிக்கு நேரமாச்சு."