தேவகி போட்ட இடுப்புக் கோடு

நான் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது தேவகியின் மகள் போன் செய்தாள். "பெரிம்மா, அம்மா பூட்டாங்க" என்றாள். காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள்கூட ஆகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. எங்கள் தையல் கடை மேசையில் ஒரு கல்யாண கவுன் துணி வெட்டாமல் கிடந்தது. எங்கே வெட்ட வேண்டும் என்று இடுப்புக் கோட்டைத் தேவகி சாக்கட்டியால் போட்டு வைத்திருந்தாள். இனி வெட்ட வேண்டியவள் நான்.

பன்னிரண்டு வருடம் எதிரெதிர் மிஷினில் உட்கார்ந்து தைத்தோம். அவள் நகரி ஊர்த் தறிக்காரர் வீட்டுப் பெண், என்னைவிட ஆறு வயது சின்னவள். நான் வாயாடி, அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள். அவளிடம் கல்யாணத் துணி கொடுத்த பெண்களுக்கு அவளுடைய வெள்ளைக் கயிறு மறந்திருக்காது. டேப்பைத் தொடுவதற்கு முன் அதை இடுப்பில் கட்டிவிட்டு, இரண்டு பக்கமும் சாய்ந்து நிமிரச் சொல்வாள். கயிறு நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். "கயிறு எங்க ஒக்காருதோ அதான் உன் இடுப்பு. போன்ல கீற பொண்ணோட இடுப்பு உனக்கு எதுக்கு?" என்பாள்.

அதன் பிறகுதான் எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்ற யோசனையெல்லாம். குள்ளமான பெண்ணுக்கு இடுப்பை இரண்டு விரல் ஏற்றுவாள், கால் நீளமாகத் தெரியும். வயிறு இருந்தால் மார்புக்குக் கீழேயே பிடித்து, அங்கிருந்து துணியைத் தளர விடுவாள். ஒல்லியான பெண்ணுக்கு முன்பக்கம் கூராக இறக்குவாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்து அந்தப் பெண்கள் சிரிப்பதை நான் பொறாமையோடு பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை அவள் இல்லாத நேரத்தில் ஒரு துணியை எடுத்தேன். இடுப்புக் கோடு ஒரு பக்கம் விரல் அகலம் மேலே ஏறியிருந்தது. கை வழுக்கியிருக்கும் என்று நினைத்து, ஸ்கேல் வைத்து நேராக்கி வெட்டிவிட்டேன். போட்டுப் பார்க்க வந்த பெண் கண்ணாடி முன் நின்றாள். இடுப்பு கோணலாகத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு முதுகெலும்பு வளைவு. தேவகியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். "இனிமே எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேவகி தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வைத்து எப்படியோ சரிசெய்தாள். என்னைத் திட்டவில்லை. "துணிக்கு நேரா வெட்டாதக்கா. அவளுக்கு நேரா வெட்டு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அத்தனை தைத்தவளுக்கும் கத்தரியை எடுக்கும் முன் உள்ளங்கை வியர்த்துவிடும். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வாள். பரீட்சைக்கா போகிறாய் என்று கேலி செய்வேன். "பயமாத்தான் கீது. வெட்டினா திரும்ப ஒட்டாதே" என்பாள்.

காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்து அந்தத் துணியை விரித்தேன். இந்தக் கோடும் இடது பக்கம் மேலேறியிருந்தது. கடைசி வாரம் காய்ச்சலில் அவள் கை நடுங்கியதை நானே பார்த்தேன். இது நடுக்கமா, அளவா? கேட்பதற்கு அவள் இல்லை. கல்யாணத்துக்கு ஐந்தே நாள். அதே துணி இன்னொன்று வாங்க முடியாது. கத்தரியை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் கல்யாணப் பெண்ணையே சித்தூரிலிருந்து வரச் சொன்னேன். உடம்பில் ஏதாவது கோணல் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அப்படி எதுவும் இல்லையே என்றாள். அப்படியானால் கோடு ஏறியது காய்ச்சல் நடுக்கத்தில்தானோ என்று நினைத்தேன்.

தேவகியின் மேசை இழுப்பறையிலிருந்து கயிற்றை எடுத்து அந்தப் பெண்ணின் இடுப்பில் கட்டினேன். சாய்ந்து நிமிர்ந்தாள். கயிறு நகர்ந்தது, நின்றது. இடது பக்கம் விரல் அகலம் மேலே.

அந்தப் பெண்ணுக்கே தெரியாததை நடுங்கும் கையோடு என் தேவகி சரியாகப் போட்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கயிறு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அவள் பயமும் என்னிடம் வந்துவிட்டது. அன்று புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் போட்ட கோட்டின் மேலேயே வெட்டினேன்.