முடுக்கி மூடியிருந்த பெரும்போகம்

துகள் முடுக்கியைப் புதுப்பிக்க நிறுத்துவதானால், அது எந்த நாளில் மீண்டும் இயங்கும் என்று, காத்திருக்கும் ஆய்வாளர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இது விதி. ஓய்வுபெறும்வரை முடுக்கி இருக்கும் ஆய்வுகூடத்தின் நிர்வாகத்தில் இருந்தவன் என்பதால் எனக்கு மனப்பாடம்.

என் தங்கையின் மகள் உப்பு மண்ணைத் தாங்கும் நெல்லைத் தேடி ஆராய்பவள். அவளுடைய விதைநெல்லில், புதிய இயல்புகள் தோன்றுவதற்காக, முடுக்கியின் கதிர்வீச்சு பட்ட பிறகே விதைக்க முடியும். ஆய்வுக் காலத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு பெரும்போக நெற்பருவம்தான். மருத்துவர்களும் உலோக ஆய்வாளர்களும்கூட வரிசையில் நின்றார்கள். கிழட்டு இயந்திரத்துக்குப் புதிய கட்டுப்பாட்டுக் கணினி பூட்டுகிறார்களாம்; எந்த நாளில் மீண்டும் இயங்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. விதியைச் சுட்டிக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினேன்.

மாவடிப்பள்ளிக் கிராமத்தில் அவளுக்கென்று உழுத வயல்துண்டு காத்துக் கிடந்தது. வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டைவிதானை வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சேர், தண்ணி முறைப்படி நாளையோட விதைப்பு முடியுது. உங்கட மெஷினுக்காகத் தண்ணி காத்து நிக்குமா?”

“கடிதம் போட்டிருக்கன். பதில் வரும்,” என்றேன்.

“மாமா, அந்தக் கடிதங்கள விதைச்சிருந்தாலும் இதுக்குள்ள முளைச்சிருக்கும்,” என்றாள் தங்கை மகள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் வயல்காரர் இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி, அந்தத் துண்டிலும் வழக்கமான நெல்லையே வீசினார். அவளுடைய விதைப்பை எங்கள் அலுமாரியிலேயே இருந்தது. நான் வரம்பில் நின்று பார்த்தேன். அந்த ஆண்டு நான் கண்டவற்றுள் சொன்னபடி நடந்த ஒரே விதி தண்ணீருடையது.

முடுக்கி இயங்குகிறது, மாதிரிகளை உடனே அனுப்பலாம் என்று பதில் வந்தது, அந்தத் துண்டில் அறுவடை இயந்திரம் இறங்கிய அன்று.